ஆறு மாதமாக நன்றாக இருக்கிறார், இனி எதற்கு மாத்திரை?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய அண்ணனுக்கு 29 வயது. நான்கு வருடமாக மனச்சோர்வு என்று மாத்திரை சாப்பிட்டு வந்தார். போன வருடம் திடீரென்று பத்து நாள் தூக்கமில்லாமல், ஓயாமல் பேசி, சேமிப்பையெல்லாம் கரைத்து, கடைசியில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அங்கே பைபோலார் என்ற மனநோய் என்று சொல்லி லித்தியம் என்ற மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போது ஆறு மாதமாக வேலைக்குப் போகிறார், சிரிக்கிறார், தூங்குகிறார். "நன்றாகத்தானே இருக்கிறேன், இனி எதற்கு மாத்திரை?" என்கிறார். முதலில் பார்த்த டாக்டர் தப்பு செய்துவிட்டாரா, லித்தியம் விஷமா, இது ஆயுள் முழுக்கவா என்பவை தங்கையின் கேள்விகள்.

அண்ணன் கேட்பதில் தப்பே இல்லை. காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்துகிறோம், புண் ஆறினால் கட்டைப் பிரிக்கிறோம். பைபோலாருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். இது வந்து, போய், மறுபடி வருகிற நோய். வந்ததை அடக்கச் சில வாரங்களோ சில மாதங்களோ போதும். திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. அது முழுக்க ஆள் நன்றாக இருக்கும் காலத்தில் நடக்கிற வேலை. மனநல மருத்துவனாக நான் அதிகம் மன்றாடியிருப்பது மேனியாவில், அதாவது கட்டுக்கடங்காத கிளர்ச்சியில், இருப்பவர்களிடம் இல்லை, தெளிந்து ஆறு மாதம் ஆனவர்களிடம்தான்.

நன்றாக இருக்கும் காலமும் நோயில் சேர்த்தியா என்ற இந்த வழக்கு, நோய்க்குப் பெயர் வைத்த நாளிலேயே தொடங்கிவிட்டது. 1854இல் பாரிஸில் ஃபால்ரே, பெய்யார்ஜே என்ற இரண்டு மருத்துவர்கள், கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வருவது ஒரே நோய்தான் என்று தனித்தனியாக அறிவித்தார்கள். யார் முதலில் சொன்னது என்று பெரிய தகராறு. ஃபால்ரே வைத்த பெயர் 'வட்டப் பைத்தியம்'. கிளர்ச்சி, சோர்வு ஆகியவற்றோடு, ஆள் தெளிவாக இருக்கும் இடைவெளியையும் அவர் அந்த வட்டத்துக்குள் சேர்த்தார். பெய்யார்ஜே அந்த இடைவெளியைப் பொருட்படுத்தவில்லை. என்னைக் கேட்டால் நியாயம் ஃபால்ரே பக்கம்தான். பிறகு 1899இல் ஜெர்மன் மனநல மருத்துவர் க்ரேப்லின் இதை 'மேனிக் டிப்ரெசிவ்' என்று வகைப்படுத்தினார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பைபோலார் என்ற பெயர் நிலைபெற்றது. தமிழில் இருமுனைக் கோளாறு, இருதுருவ மனநிலைக் கோளாறு என்று எழுதுகிறார்கள்.

சரி, நோய் என்ன செய்கிறது?

காலையில் உற்சாகம், மாலையில் எரிச்சல் என்று மாறுவது பைபோலார் இல்லை. "அவன் கொஞ்சம் பைபோலார்" என்று கேலிக்குச் சொல்கிறார்களே, அதுவும் இல்லை. இங்கே மனநிலை ஒரு பக்கம் சாய்ந்தால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். மேனியா என்று சொல்ல ஒரு வாரமாவது நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமாக இருந்திருக்க வேண்டும். அதன் இளைய வடிவமான ஹைப்போமேனியாவுக்கு நான்கு நாள். மனச்சோர்வுக்கு இரண்டு வாரம். ஒருமுறையாவது முழு மேனியா வந்திருந்தால் முதல் வகை. ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் மட்டும் வந்திருந்தால் இரண்டாம் வகை. உங்கள் அண்ணனுக்கு இருப்பது முதல் வகை. இரண்டாம் வகை லேசானது என்று பலர் நினைக்கிறார்கள்; அவர்களுக்கு மனச்சோர்வு அதிக காலம் நீடிப்பதால் படும் பாடு ஒன்றும் குறைவில்லை.

மேனியாவை அடையாளம் காண நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். தூக்கம் வராமல் புரண்டு, மறுநாள் சோர்ந்து கிடப்பது வேறு. மேனியாவில் தூக்கமே தேவைப்படாது. இரண்டு மூன்று மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, விடியற்காலையிலேயே புதுத் திட்டத்தோடு எழுந்து உட்கார்ந்திருப்பார். பேச்சைக் குறுக்கே நிறுத்த முடியாது. ஒரு யோசனை முடிவதற்குள் அடுத்தது தாவும். தன்னால் முடியாதது எதுவுமில்லை என்ற நம்பிக்கை, அதன் பின்னாலேயே கடன், வாரி இறைப்பது, வேலையை விடுவது, பிறகு வருந்த வேண்டிய உறவுகள். மேனியா என்றால் சந்தோஷம் என்று ஒரு எண்ணம் உண்டு. நிறைய பேருக்கு அது எரிச்சலாகவும் சண்டையாகவும்தான் வெளிப்படுகிறது. முற்றினால் இல்லாத குரல் கேட்கும், தனக்குத் தெய்வீக சக்தி வந்துவிட்டதாகவோ எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகவோ தோன்றும். இவ்வளவு நடந்தும், தனக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியாது. அது பிடிவாதம் இல்லை, நோயின் அறிகுறிகளில் ஒன்று.

மேனியாதான் கண்ணில் படுகிறது என்றாலும், ஆளைத் தின்பது மறுமுனை. முதல் வகை நோயாளிகள் 146 பேரை அமெரிக்காவில் சராசரியாகப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வாராவாரம் கணக்கெடுத்த ஒரு ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஏறக்குறைய பாதி வாரங்களில் அவர்களுக்கு ஏதாவது ஒரு அறிகுறி இருந்தது. மனச்சோர்வு மட்டும் மொத்த வாரங்களில் 32 சதவீதம். மேனியாவும் ஹைப்போமேனியாவும் சேர்ந்து 9 சதவீதம்தான். ஆகவே மாத்திரையை நிறுத்தினால் மறுபடி பத்து நாள் ஆட்டம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எழுந்திருக்க முடியாத மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் டாக்டர் தப்பு செய்தாரா? பெரும்பாலும் இல்லை. இந்த நோய் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும்போது பலருக்கு முதலில் வருவது மனச்சோர்வுதான். மேனியாவே வராதவரை அது பைபோலாரின் சோர்வா, சாதாரணச் சோர்வா என்று சொல்லக்கூடிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு பார்ப்பதும், ஸ்டீராய்டு மருந்தோ போதைப்பொருளோ காரணமா என்று விசாரிப்பதும் வேறு காரணங்களை ஒதுக்குவதற்கு. நடுவில் நாலைந்து நாள் ஹைப்போமேனியா வந்திருந்தாலும் யார் போய் டாக்டரிடம் "போன மாதம் எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது" என்று முறையிடப்போகிறார்கள்? வீட்டில் இருப்பவர்களும் 'அப்பாடா, பழையபடி ஆகிவிட்டான்' என்று நிம்மதி அடைந்திருப்பார்கள். அதனால்தான் சரியான பெயர் வைக்கப் பல வருடங்கள் ஆவது உலகம் முழுக்க நடக்கிறது.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது மேனியா பக்கம் தள்ளிவிடும். அண்ணனுக்கு அப்படித்தான் ஆனதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்த மாத்திரை, எப்போது தொடங்கியது, எப்போது அளவு கூட்டினார்கள், தூக்கம் எப்போது குறைந்தது என்று ஒரு தாளில் எழுதி இப்போதைய டாக்டரிடம் கொடுங்கள். இனி எந்த டாக்டரிடம் போனாலும், பல்வலி என்றாலும்கூட, பைபோலார் இருக்கிறது, லித்தியம் சாப்பிடுகிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏன் வருகிறது என்றும் ஒரு வார்த்தை. குடும்பவழி வருவதில் இதற்கு மனநோய்களுக்குள் முன்னணி இடம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூறில் பத்துக்குக் கிட்டத்தட்ட. மீதித் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். வளர்ப்பு சரியில்லை, ஒழுக்கம் இல்லை, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பதற்கெல்லாம் இங்கே வேலை இல்லை. உள்ளே ஏதுவான உடல் இருக்கிறது. தொடர்ந்து தூக்கம் கெடுவது, பெரிய இழப்பு, போதைப்பொருள், பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய வாரங்கள் போன்றவை எபிசோடை, அதாவது நோய் ஒருமுறை வந்து நிற்கும் காலத்தை, கிளப்பிவிடுகின்றன.

இப்போது லித்தியம். மாத்திரையை விடலாமா, அது விஷமா என்ற இரண்டு கேள்விக்கும், இந்தக் காலத்து மனநல மருத்துவத்தில் அந்த மருந்தை முதலில் சாப்பிட்ட நோயாளியின் கதையிலேயே பதில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்று ஒரு மனநல மருத்துவர். கினிப்பன்றிகளுக்கு ஊசிபோட்டு வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தவர், லித்தியம் உப்பு போட்டதும் அவை சாந்தமாகிப் படுத்துவிட்டதைக் கவனித்தார். முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு 1948 மார்ச்சில், ஐந்து வருடமாக மேனியா அடங்காமல் மருத்துவமனையிலேயே கிடந்த 51 வயதுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். அவர் சில வாரங்களில் தெளிந்தார். ஜூலையில் வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலேயே சேர்ந்தார். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மருந்தில் அசட்டையானார், பிறகு நிறுத்தியே விட்டார். அடுத்த ஜனவரியில் மறுபடி மேனியாவோடு அதே மருத்துவமனைக்கு வந்தார். அதாவது ஆறு மாதத்தில். 1949இல் கேட் வெளியிட்ட கட்டுரையிலேயே இது இருக்கிறது.

அந்தக் கதைக்கு இன்னொரு முடிவும் உண்டு. மறுபடி லித்தியம் கொடுக்கப்பட்ட அதே மனிதர் 1950இல் லித்தியம் நச்சாகி இறந்துபோனார். ரத்தத்தில் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. அமெரிக்காவில் இதய நோயாளிகள் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைத் தூவிச் சாப்பிட்டுச் சிலர் இறந்ததும், அது தடை செய்யப்பட்டதும் அதே 1949இல்தான். விஷம் என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. ரத்தத்தில் அளக்கும் முறை வந்த பிறகு, டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்ற மனநல மருத்துவர் 1950களில் முறையான சோதனைகளால் லித்தியத்தின் பலனைக் காட்டினார். அமெரிக்கா 1970இல்தான் அனுமதித்தது.

ஆக, அளவு தவறினால் விஷம், அளவோடு இருந்தால் இந்த நோய்க்கு இன்றும் இதைவிட நம்பகமான தடுப்பு மருந்து கிடையாது. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் இதற்கே பலமான சான்று இருக்கிறது. வழக்கமாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்போம். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. பலன் தரும் அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவில் இடம் குறைவு. ஓயாமல் பரிசோதனை எழுதித் தருவது அதனால்தான். லித்தியத்தோடு சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, கால்சியம் ஆகியவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தால் அதற்கு மாத்திரை உண்டு. பல வருடம் சாப்பிடும்போது சிலருக்குச் சிறுநீரகம் மெல்ல மந்தமாகலாம். அதைத் தொடக்கத்திலேயே பிடித்தால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ முடியும்.

லித்தியத்தை உடல் சோடியம் உப்பைப் போலவே நடத்துகிறது. உடலில் நீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் அளவு ஏறிவிடும். எனவே வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். திடீரென்று உப்பில்லாப் பத்தியம் வேண்டாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும், சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும் லித்தியம் அளவை ஏற்றும். கேட்காமல் வாங்கிப் போடக் கூடாது. தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். விரல் லேசாக நடுங்குவது சகஜம். கை பெரிதாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறி, வாந்தியோ குழப்பமோ சேர்ந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

லித்தியம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. வேறு மருந்துகள் இருக்கின்றன. வேல்ப்ரோயேட் மேனியாவை நன்றாக அடக்கும். ஆனால் கர்ப்பத்தில் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடும் வருகிற மருந்து. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வேறு வழி இருக்கும்வரை எழுதவே கூடாது. அப்படிச் சாப்பிடுகிற பெண் யாராவது இதைப் படித்தால் தானாக நிறுத்திவிடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள். லாமோட்ரிஜின் சோர்வு திரும்ப வராமல் தடுப்பதில் கெட்டி, மேனியாவுக்கு அவ்வளவு உதவாது. அதை எறும்பு ஊர்வதுபோல வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம், எனவே உடலில் தடிப்பு கண்டால் தாமதிக்கக் கூடாது. க்வெட்டியாபின் இரு முனைக்கும் பயன்படும். ஒலான்சபின் மேனியாவை வேகமாக அடக்கும். இரண்டிலும் எடையும் சர்க்கரையும் ஏறுகிறதா என்று கண் வைக்க வேண்டும். கடுமையான சோர்விலோ அடங்காத மேனியாவிலோ, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின் சிகிச்சை நன்றாக வேலை செய்யும். சினிமாவில் காட்டுவது போன்ற கொடுமை அதில் இல்லை.

மாத்திரை மட்டும் போதுமா என்றால், போதாது. நோயைப் பற்றி நோயாளியும் குடும்பமும் முறையாகக் கற்றுக்கொள்ளும் பயிற்சிகள் மருந்தோடு சேரும்போது எபிசோடுகள் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதிலும் தூக்கமும் அன்றாட ஒழுங்கும் எனக்கு மருந்துக்கு அடுத்தபடி. ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது, இரவுப் பணியைத் தவிர்ப்பது, நேர வித்தியாசம் உள்ள ஊருக்குப் பயணம் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது. மதுவும் கஞ்சாவும் வேண்டவே வேண்டாம். அப்புறம், தூங்கும் நேரத்தைத் தினம் ஒரு வரி குறித்து வைக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் குறைந்து ஆள் மட்டும் துறுதுறுவென்று இருந்தால், மூன்றாம் இரவுக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நீங்களும் அண்ணனும் உட்கார்ந்து பேச இதுவே சரியான நேரம், ஏனென்றால் இப்போதுதான் அவரால் கேட்க முடியும். போன முறை தொடங்கியபோது முதலில் என்ன மாறியது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஒருவருக்குப் புது உடை வாங்குவது, இன்னொருவருக்கு நடுராத்திரியில் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடுவது. ஆளுக்கு ஆள் வேறு. அது தெரிந்தால் யார் டாக்டரைக் கூப்பிடுவது, வங்கி அட்டை யாரிடம் இருப்பது, வண்டிச் சாவி யாரிடம் என்பதையெல்லாம் அவர் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். மேனியா வந்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். சோர்வில் இருக்கும்போது "சாக வேண்டும் போல இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

ஆயுள் முழுக்கவா? ஒருமுறை மேனியா வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு மறுபடி எபிசோட் வருகிறது. அதனால் பல வருடங்களுக்கு என்று நினைத்துக்கொண்டு தொடங்குவதுதான் நேர்மை. சிலருக்கு ஆயுள் முழுக்கவும்தான். என்றைக்காவது நிறுத்திப் பார்ப்பது என்று டாக்டரும் அவரும் சேர்ந்து முடிவெடுத்தால்கூட, லித்தியத்தைக் குறைந்தது நான்கு வாரத்தில், முடிந்தால் மூன்று மாதத்தில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். பட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் அதிகம்.

அதற்கு முன்னால், அவர் ஏன் விட நினைக்கிறார் என்று கேட்டீர்களா? 'நன்றாக இருக்கிறேன்' என்ற பதிலுக்கு உள்ளே வேறொன்று இருக்கும். எடை போட்டிருக்கலாம், கை நடுக்கத்தால் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட வெட்கமாக இருக்கலாம், அடிக்கடி தாகமும் சிறுநீரும் தொந்தரவாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு: அளவைச் சற்றுக் குறைப்பது, எல்லாவற்றையும் இரவு ஒரே வேளையாக்குவது, நடுக்கத்துக்குத் தனி மாத்திரை. சிலர் அந்தப் பத்து நாள் வேகத்தை ரகசியமாக ஏங்குவார்கள். அதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லலாம், நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். எதுவும் இல்லை, நோயாளி என்ற பட்டமே பிடிக்கவில்லை என்றால் அதற்கு மாத்திரை இல்லை; அதைப் பேசித்தான் ஆற்ற வேண்டும், ஒரு சந்திப்பில் தீராது.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள். கடைசி வேளை மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் மாத்திரை உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும். முன்னாலேயே போட்டுவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டி, தேவையில்லாமல் மருந்தைக் குறைத்துவிடுவார்கள். முடிவு வந்ததும் அந்த எண்ணை அண்ணனே ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளட்டும்.